நிற்கிறவருக்கு ஒரு பிடி – வாசகர் கேள்வி பதில்

மனைவியை இதயப் பரிசோதனைக்கு அழைத்துக்கொண்டு கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறி, பொம்மசந்திராவில் இறங்கி, பெங்களூரின் 'நம்ம மெட்ரோ' ரயிலில், மஞ்சள் தடத்தில் ஜெயதேவா ஆஸ்பத்திரி நிலையம் வரை போய்வந்த கதையைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் ஃபர்னிஷிங் பிரிவில், அதாவது வெறும் இரும்புக் கூடாக வரும் பெட்டிக்குள் இருக்கை, பலகை, கம்பி, கதவெல்லாம் பொருத்தும் பிரிவில், 1981 முதல் 2021 வரை இருந்தவன் என்று அதில் ஒரு வரி வரும். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள். எனக்குத் தெரிந்ததை இங்கே சொல்கிறேன்.

கே: டவுன் பஸ்ஸில்கூட மெத்தை வைத்த சீட் இருக்கிறது. இத்தனை செலவு செய்து கட்டிய மெட்ரோவில் ஏன் ஐயா பெஞ்சு மாதிரிக் கெட்டியாக வைத்திருக்கிறார்கள்?
– இல்லத்தரசி, காவேரிப்பட்டணம்

ப: நம்ம ஊர்க்காரம்மா கேட்டிருக்கிறீர்கள், விரிவாகவே சொல்கிறேன்.

இருக்கைக்குள் நாம் வழக்கமாக வைக்கிற மெத்தை பாலியூரித்தேன் ஃபோம். உட்கார சுகம். பற்றிக்கொண்டால் மட்டும் சில நிமிடத்தில் கருப்புப் புகையாகக் கக்கும், அந்தப் புகையே நஞ்சு. பஸ்ஸில் தீப்பிடித்தால் கீழே குதித்துச் சாலையோரம் ஓடலாம். சுரங்கத்துக்குள் நிற்கிற ரயிலில் எங்கே ஓடுவது?

2003 பிப்ரவரி 18 அன்று தென்கொரியாவின் தேகு நகரத்தில் ஒருவர் சுரங்க ரயிலுக்குள் எரிபொருளை ஊற்றித் தீ வைத்தார். எதிர்த் தடத்தில் வந்து நின்ற ரயிலுக்கும் அது பரவியது. 192 பேர் இறந்தார்கள். இருக்கை, தரைவிரிப்பு, சுவர்ப் பலகை என்று உள்ளே இருந்த பொருள்களே தீக்குத் தீனியாகிவிட்டன. அதற்குப் பிறகு கொரியாவில் பெட்டிகளின் உட்புறத்தை எரியாத பொருளுக்கு மாற்றினார்கள். செய்தி வந்த வாரம் எங்கள் ஷாப்பில், அதாவது தொழிற்கூடத்தில், டீ நேரத்தில் வேறு பேச்சே இல்லை. நாங்கள் நாள் முழுக்கக் கையாளும் பொருள்கள் அல்லவா?

இன்றைக்கு ஒரு பெட்டிக்குள் போகிற ஒவ்வொரு பொருளையும் எரித்துப் பார்த்துத்தான் அனுமதிக்கிறார்கள். ஐரோப்பாவின் இ.என். 45545 என்ற தரம், தீ எவ்வளவு வேகமாகப் பரவுகிறது, எவ்வளவு புகை வருகிறது, அந்தப் புகையில் எவ்வளவு நஞ்சு என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்கும். எஃகும், அந்தச் சோதனையைத் தாண்டிய கெட்டி பிளாஸ்டிக் வகைகளும் இதில் சுலபமாகத் தேறும். மெத்தை தேறுவதற்கு நிறையச் செலவு பிடிக்கும்.

இன்னொரு காரணம் சுத்தம். அமெரிக்காவில் சான்ஃபிரான்சிஸ்கோ பகுதியின் பார்ட் ரயில் 1972-ல் ஓட ஆரம்பித்தபோது, தரையில் கம்பளம், இருக்கையில் துணி என்று வீட்டுக் கூடம் மாதிரி அமைத்தார்கள். கார் வைத்திருப்பவர்களை ரயிலுக்கு இழுக்கும் ஆசைதான். வருடங்கள் போகப் போகத் துணி எல்லாவற்றையும் குடித்துவிட்டது. 2011-ல் சோதித்துப் பார்த்தபோது இருக்கைத் துணியில் கிருமிகள் இருந்ததாகச் செய்தி வந்து ஊரே முகம் சுளித்தது. மறு வருடத்திலிருந்து துடைக்கக்கூடிய வினைல் உறைக்கு மாறினார்கள். ஆனால் லண்டனில் இன்றைக்கும் துணிதான். 'மொக்கெட்' என்று ஒரு கெட்டி நெசவு, பெரும்பகுதி ஆட்டு ரோமம். ரோமம் நைலான்போல உருகி ஒழுகாது, கருகி நிற்கும். அந்தக் குளிருக்கும் அது பொருந்துகிறது. நம்ம சித்திரை வெயிலில் வேர்த்து விறுவிறுத்து ஏறுகிற ஆயிரம் பேரின் முதுகைத் துணி இருக்கை தாங்காது அம்மா.

ஆனால் ஒன்று. கெட்டியாக இருப்பது குற்றமில்லை, தட்டையாக இருப்பதுதான் குற்றம். டெல்லி மெட்ரோவில் வழவழப்பான எஃகு இருக்கை. பிரேக் போட்டால் ஆள் பக்கவாட்டில் வழுக்குவார். இருக்கையில் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னக் குழிவு கொடுத்தால் போதும், மெத்தையே வேண்டாம், உடம்பு அதில் நிற்கும். நாங்கள் அச்சு எடுக்கும்போது ஒரு விரல்கடை குழிவுக்காக நாள்கணக்கில் பேசியிருக்கிறோம்.

கே: ஓசூரில் தங்கி எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறேன். காலையில் என்றுமே நின்றுகொண்டுதான் பயணம். உட்கார இடத்தைக் குறைத்துவிட்டு எங்களை நிற்க வைப்பது நியாயமா? குள்ளமான எனக்கு மேல் கம்பி எட்டுவதும் இல்லை.
– இளம்பெண், ஓசூர்

ப: இந்தக் கடிதத்தைத்தான் மூன்று முறை படித்தேன், தாயி.

முதலில் நியாயத்தைச் சொல்கிறேன். மெட்ரோ பெட்டி நிற்கிறவருக்காகச் செய்யப்படுவது. ஒரு சதுர மீட்டரில் 6 பேர் நிற்பார்கள் என்று கணக்குப் போட்டு வடிவமைப்பார்கள், நெரிசல் நேரத்துக்கு 8 பேர். வீட்டு வாசலில் சாக்பீஸால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் போட்டு, ஆறு பேரை நிறுத்திப் பாருங்கள், அப்போது புரியும். குறுக்கு இருக்கைகளை எடுத்துவிட்டுச் சுவரோரம் நீளப் பெஞ்சாகப் போட்டால் நடுவில் இடம் கிடைக்கும். பெட்டிக்கு ஒரு பக்கம் நான்கு கதவு வைத்தால் அரை நிமிடத்தில் ஒரு கூட்டம் இறங்கி இன்னொரு கூட்டம் ஏறும். இருக்கையைக் கூட்டினால் ஒரு சிலர் வசதியாகப் போவார்கள், பிளாட்பாரத்தில் நிற்கிற பலர் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார்கள். அதனால் இருக்கை குறைவாக இருப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.

நிற்க வைத்தால் பிடித்துக்கொள்ள எட்டுகிற உயரத்தில் ஒன்று கொடுக்க வேண்டாமா? அதில்தான் எனக்குக் கோபம். என் மனைவியின் உயரம் 4 அடி 10 அங்குலம். சில வருடம் முன்பு மகள் குடியிருக்கும் நகரத்துக்குப் போனோம், ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே மெட்ரோவில் கதவுக்கு நேரே கூட்டம் தள்ளிவிட்டது. மேல் கம்பி எட்டவில்லை. தொங்கும் பிடி கொஞ்சம் தள்ளி, அதுவும் கட்டைவிரலில் எம்பினால்தான். நடுக் கம்பியைச் சுற்றி ஏற்கனவே ஐந்து கை. ஒருவர் அதில் முதுகையே சாய்த்திருந்தார். வண்டி கிளம்பியதும் அவள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். தனியாக வந்திருந்தால் யார் சட்டையைப் பிடிப்பாள்?

இதை வடிவமைத்தவருக்குக் குள்ளமான அம்மாவோ அக்காவோ இல்லாமல் இருந்திருக்க முடியாது. அவர்களை அன்றைக்கு நினைக்கவில்லை, அவ்வளவுதான். செய்ய வேண்டியது பெரிய காரியமும் இல்லை. தொங்கும் பிடிகளை எல்லாம் ஒரே நீளத்தில் போடாமல், சிலவற்றை நீளமாக, சிலவற்றைக் குட்டையாகப் போடலாம். இருக்கை வரிசையின் ஓரத்தில் உள்ள தடுப்பில் தோள் உயரத்துக்கு ஒரு வளைகம்பி. நடுக் கம்பியை ஒற்றையாக விடாமல், இடுப்புக்கு மேலே மூன்றாகப் பிரிந்து மேலே போய்ச் சேரும்படி சூலம்போலச் செய்தால், ஒருவர் சாய்ந்தாலும் மற்றவர்களுக்குப் பிடி மிஞ்சும். பல ஊர்களில் இப்படிச் செய்திருக்கிறார்கள்.

அதுவரை உங்களுக்கு ஒரு யோசனை. கதவுக்கு நேரே நிற்காமல் இருக்கை வரிசை முடியும் ஓரத்துக்கு நகர்ந்துவிடுங்கள். இரண்டு காலையும் சேர்த்து வைக்காமல், வண்டி போகும் திசையில் ஒரு காலை ஒரு முழம் முன்னே வையுங்கள். கிளம்பும்போதும் நிற்கும்போதும் உடம்பு தானே சமாளித்துக்கொள்ளும். ஷாப்பில் பெட்டியை ஷன்டிங் செய்யும்போது, அதாவது இழுத்து இடம் மாற்றும்போது, உள்ளே நின்று வேலை செய்த எங்களுக்கெல்லாம் அது பழக்கம்.

கே: நீங்கள் கொல்கத்தா மெட்ரோவுக்குப் பெட்டி செய்தீர்களாமே? அந்தக் காலத்துப் பெட்டி எப்படி இருக்கும்?
– பாலிடெக்னிக் மாணவர், பர்கூர்

ப: ஆமாம் தம்பி. இந்தியாவின் முதல் மெட்ரோ 1984 அக்டோபர் 24 அன்று கொல்கத்தாவில் எஸ்பிளனேட் முதல் பவானிபூர் வரை ஓடியது, சுமார் 3.4 கிலோமீட்டர்தான். அந்தப் பெட்டிகள் நம்ம ஐ.சி.எஃப்.பில் செய்தவை. எனக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. பெட்டியில் ஏ.சி. கிடையாது. மின்விசிறியும் காற்று வரும் வழிகளும்தான். சுரங்கத்தில் ஓடப்போகும் வண்டி என்றபோது எங்களில் பாதிப் பேர் சுரங்க ரயிலைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. ஜன்னல் வழியாகப் பார்க்க என்ன இருக்கிறது, எதற்கு ஜன்னல் என்று ஒரு நண்பன் கேட்டான். மிஸ்திரி சொன்னார்: "உள்ளே இருக்கிறவனுக்கு மூச்சு முட்டக்கூடாதுடா. சுவரையாவது பார்க்கட்டும்."

அந்த மிஸ்திரியிடம் கற்றதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். ஒரு பெட்டி முடிந்ததும் அவர் ஒரு கைப்பிடி பனியன் வேஸ்ட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். இருக்கை விளிம்பு, கம்பி முனை, ஸ்குரூ தலை, பலகை சேருமிடம் எல்லாவற்றிலும் அதைத் தேய்த்துக்கொண்டே நடப்பார். எங்கேயாவது ஒரு நூல் மாட்டினால் நின்றுவிடுவார். "இதில் நூல் மாட்டினால் நாளைக்குச் சேலை மாட்டும், குழந்தை விரல் மாட்டும்" என்பார். அரத்தைக் கையில் கொடுப்பார். முதல் பெட்டியில் நான் பொருத்திய வரிசையில் பதினோரு இடத்தில் நூல் மாட்டியது. பதினொன்றையும் ராத்திரி உட்கார்ந்து அராவினேன். இன்றைக்கும் எந்த ரயிலில் ஏறினாலும் உட்காரும் முன் இருக்கையின் அடிவிளிம்பில் விரலை ஓட்டிப் பார்ப்பேன்.

அந்த ஏ.சி. இல்லாத பெட்டிகளில் கடைசியானவை 2021 அக்டோபரில் விடைபெற்றன. நான் ஓய்வு பெற்றதும் அதே வருடம்.

கே: மெட்ரோவில் ஏ.சி. சிலருக்குக் குளிர்கிறது, சிலருக்கு வேர்க்கிறது. இதற்கு வழியே இல்லையா?
– ஓய்வுபெற்ற தபால்காரர், பாலக்கோடு

ப: ஜப்பானில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நீள ரயிலில் ஒரு பெட்டியில் மட்டும் குளிரைக் குறைத்து வைத்து, 'மிதக் குளிர்ப் பெட்டி' என்று வெளியிலேயே எழுதிவிடுவார்கள். முதியவர்களும் குளிர் ஆகாதவர்களும் அதில் ஏறிக்கொள்ளலாம். செலவில்லாத ஏற்பாடு, நம்ம ஊரிலும் செய்யலாம். அதுவரை, கூரையிலிருந்து காற்று இறங்கும் இடத்துக்கு நேர்கீழே உட்காராமல் கதவுப் பக்கம் உட்காருங்கள். கதவு திறக்கும்போதெல்லாம் வெளிச்சூடு கொஞ்சம் வரும். பையில் ஒரு துண்டும் இருக்கட்டும்.

கே: பஸ் ஸ்டாண்டில் துப்புகிற அதே ஆள் மெட்ரோவில் ஏறினால் வாயை மூடிக்கொண்டு வருகிறார். மனிதர் ஒன்றுதானே, எப்படி மாறுகிறார்?
– ஆசிரியை, தருமபுரி

ப: அபராதம், கேமரா என்று சொல்வார்கள். அதுவும் உண்டு. சிங்கப்பூரில் ரயிலுக்குள் தின்றால், குடித்தால் 500 டாலர் வரை அபராதம். ரயில் கதவின் சென்சாரில் சூயிங்கம்மை ஒட்டிக் கதவையே நிறுத்திய கதையெல்லாம் நடந்துதான், 1992-ல் சூயிங்கம் விற்பனைக்கே தடை போட்டார்கள். ஆனால் பயத்தைவிட, ஏற்கனவே சுத்தமாக இருப்பதுதான் மனிதனைத் தடுக்கிறது என்பது என் அனுபவம்.

நியூயார்க் சுரங்க ரயிலில் ஒரு காலத்தில் பெட்டி முழுக்க மை, பெயின்ட், கிறுக்கல். ஜன்னல் வழியாக எந்த ஸ்டேஷன் என்றே தெரியாதாம். 1984-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு ரயிலைச் சுத்தம் செய்து விட்டபின், அதில் கிறுக்கல் விழுந்தால் அழித்த பிறகுதான் அது மறுபடி ஓடும். கிறுக்கியவன் தன் கைவேலை ஊர்வலம் போவதைப் பார்க்கவே முடியாது. பெட்டி பெட்டியாக, ஐந்து வருடம் பிடிவாதமாகச் செய்தார்கள். 1989 மே 12 அன்று கிறுக்கலோடு ஓடிய கடைசி ரயிலையும் எடுத்துவிட்டார்கள். டீச்சர், ஒரு பள்ளிச் சுவரில் இதையே செய்து பார்க்கலாம்.

சுத்தம் செய்ய வசதியாகப் பெட்டியைக் கட்டுவதும் முக்கியம். நல்ல பெட்டியில் இருக்கைக்குக் கால் இருக்காது, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும். கீழே மாப் தடையில்லாமல் போகும். தரையும் சுவரும் சேருமிடத்தை மூலையாக விடாமல் வளைத்துத் தூக்கியிருப்பார்கள், அழுக்கு ஒதுங்காது. சாயங்காலம் ஒரு கடைசி நிலையத்தில் பெட்டியைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஊர். எதை எடுப்பது கஷ்டம் என்று கேட்டேன். நான் சூயிங்கம் என்பார் என்று நினைத்தேன். "தலைமுடிங்க சார்" என்றார். இருக்கைக்கும் சுவருக்கும் நடுவே நூல் அளவு இடுக்கில் முடி போய்ச் சுருண்டுகொள்கிறது. துடைப்பமும் வராது, மாப்பும் வராது. ஹேர்பின்னை நிமிர்த்தி வைத்திருக்கிறார், அதால்தான் எடுக்கிறார். அந்த இடுக்கை சீலன்ட் வைத்து அடைப்பது எங்கள் வேலை. ஒரு பெட்டிக்கு அரை நாள் வேலைதான். அந்த அரை நாளை மிச்சம் பிடித்தால், ஒரு பெண் பல வருடம் குனிந்து நிற்க வேண்டும். வேலையில் இருக்கும்போது இப்படி யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும் நான். நாற்பது வருடத்தில் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

கே: சர்க்கரை நோயாளி நான். மெட்ரோ ரயிலில் ஏன் கழிப்பறை வைப்பதில்லை?
– விவசாயி, ஊத்தங்கரை

ப: சில நிமிடத்துக்கு ஒரு நிலையம் வருகிறது, பயணமும் குறைவு, தொட்டி வைக்கவும் தண்ணீர் நிரப்பவும் நேரமில்லை, அந்த இடத்தில் பத்துப் பேர் நிற்கலாம். இதெல்லாம் காரணம். நிலையங்களில் கழிப்பறை உண்டு, ஊழியரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். உங்களுக்குச் சிக்கல் மெட்ரோவில் இல்லை, அதற்கு முந்தைய பஸ் பயணத்தில்தான். ஊத்தங்கரையிலிருந்து நேராகப் போகாமல் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் போய்விட்டு, அங்கிருந்து வேறு பஸ்ஸில் பொம்மசந்திரா போங்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம்.

கே: கூட்டமில்லாத நேரத்தில் மெட்ரோவில் தரையில் உட்காரலாமா? சம்மணம் போட்டு உட்கார்ந்தால்தான் எனக்கு இடுப்பு வலிக்காது.
– பாட்டி (பேத்தி எழுதியது), மத்தூர்

ப: உட்காராதீர்கள் அம்மா. டெல்லியில் இதற்கு அபராதமே போடுகிறார்கள். அவசரத்தில் ஓடுகிறவர்கள் உங்கள்மேல் விழுவார்கள், அதுதான் பயம். முதியவர்களுக்கென்று தனி இருக்கை எழுதி வைத்திருப்பார்கள். யாராவது உட்கார்ந்திருந்தால் கேளுங்கள், எழுந்துவிடுவார்கள்.

கே: மாம்பழக் கூடையோடு மெட்ரோவில் விடுவார்களா?
– போச்சம்பள்ளி

ப: கூடை வேண்டாம். மடியில் அடங்குகிற பையில் எடுத்துப் போங்கள். வாசலில் எக்ஸ்ரே மெஷினுக்குள் பையைப் போட வேண்டும், கனிந்த பழத்தை அடியில் வைக்காதீர்கள்.

கே: ஓசூருக்கு மெட்ரோ வந்தால், பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும் என்பீர்கள்?
– சிறுதொழில் செய்பவர், சூளகிரி

ப: வரட்டும் தம்பி. கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்றைக்கும் ரயில் நிலையம் கிடையாது. திருப்பத்தூரிலிருந்து குறுகிய பாதை ரயில் வந்துகொண்டிருந்ததை என் தாத்தா சொல்வார், இரண்டாம் உலகப்போர் சமயத்தில் எடுத்துவிட்டார்கள். நான் வேலைக்குப் போகும்போதெல்லாம் ஜோலார்பேட்டைக்குப் பஸ்ஸில் போய்த்தான் ரயில் பிடித்தேன். ரயில் பெட்டி செய்கிறவனின் ஊரில் ரயில் இல்லை.

2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மஞ்சள் தடம் வந்துவிட்டது, அங்கிருந்து ஓசூர் எட்டிப்பிடிக்கிற தூரம். ஆனால் சென்னை மெட்ரோ மேல்கம்பியில் 25,000 வோல்ட் மாறுதிசை (ஏ.சி.) மின்சாரத்தில் ஓடுகிறது, நம்ம மெட்ரோ தண்டவாளத்தை ஒட்டிய மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் நேர்திசை (டி.சி.) மின்சாரத்தில். எல்லைக்கு இந்தப் பக்கம் சென்னை வகை, அந்தப் பக்கம் பெங்களூர் வகை என்று வைத்தால் நடுவில் இறங்கி ஏற வேண்டியதுதான். அதைப் பெரியவர்கள் பேசி முடிக்கட்டும்.

பெட்டிக்குள் நான் கேட்பது ஒன்றுதான். ஓசூரிலிருந்து பெங்களூருக்கு ரோஜா போகிறது, ராயக்கோட்டையிலிருந்து தக்காளி போகிறது. லாரியில் போவது போகட்டும். ஒற்றை மூட்டைப் பூவோடு விடிகாலையில் பஸ்ஸில் போகிற பெண்கள் இருக்கிறார்கள். மூட்டையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்கள். அவர்களுக்காக ஒரு பெட்டியில் ஒரே ஒரு வரிசை இருக்கையை எடுத்துவிட்டு, சக்கர நாற்காலி நிற்கிற இடத்தைப்போல வெறும் இடமாக விட வேண்டும். பூ மூட்டை நிற்கட்டும், தள்ளுவண்டிக் குழந்தை நிற்கட்டும், சாயங்காலம் நாலு பேர் நிற்கட்டும். ஓரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பி, அதன்மேல் குள்ளமானவர்களுக்கும் எட்டுகிற பிடி. வரைபடம் போட்டே வைத்திருக்கிறேன், கேட்டால் கொடுப்பேன்.

கே: அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது?
– பலர்

ப: என் மனைவி நன்றாக இருக்கிறாள். மாத்திரையை ஒன்று குறைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். இந்த முறை ஆஸ்பத்திரி டோக்கனைப் பத்தரை மணிக்கு மேல் இருக்கும்படி வாங்கியிருக்கிறோம், அந்த நேரத்தில் அவளுக்கு உட்கார இடம் கிடைக்கும்.